மாப்பிள்ளை காட்டிய தண்ணீர்

அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தால் நான் "சொல்லுங்கப்பா" என்று முடிப்பதற்குள் அவர் கேட்டுவிடுவார்: "பாப்பா, மாப்ள இருக்காரா?"

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, ஒன்றும் கிடையாது. அழைப்பது என் எண்ணுக்கு. மாப்பிள்ளையின் எண்ணும் அவரிடம் இருக்கிறது, நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் மாப்பிள்ளையை நேராக அழைப்பது மரியாதைக் குறைச்சலாம். மகளை அழைத்து, மகள் கையிலிருந்து தொலைபேசி மாப்பிள்ளை கைக்குப் போகவேண்டுமாம். கல்யாணமான நாளிலிருந்து என் வேலை அவ்வளவுதான். வாங்கிக் கொடுப்பது.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. கட்டிய புருஷன்மேல் பொறாமை. அவருடைய நிறத்தையோ சம்பாத்தியத்தையோ பார்த்து வந்ததில்லை. நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், என்னைப் பெற்ற அப்பா, என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்கிறாரே, அந்தப் பொறாமை. அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

நாங்கள் இருவருமே தண்ணீர் ஆலோசகர்கள். சுங்கை பட்டாணியில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். குருணில் இருக்கிற தொழிற்சாலைகளின் கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவது என்று சொல்வது அவர் வேலை. நிலத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது, ஆறு எங்கே கரை மீறும், எந்த மேட்டை வெட்டினால் எந்தப் பள்ளம் மூழ்கும் என்று பார்ப்பது என் வேலை. ஊர் கழித்த தண்ணீர் அவருடையது, குடிக்கப்போகிற தண்ணீர் என்னுடையது. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. அவருக்கு என் படங்களைப் படிக்கத் தெரியாது. அவர் தொட்டிகளின் வாடை எனக்கு ஆகாது.

அலோர் ஸ்டாரில் பெரிய பெரிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தோட்டக் கம்பெனிக்காரர்கள், இலாகா அதிகாரிகள் எல்லாம் மேசையைச் சுற்றி இருப்பார்கள். நான் வரைபடத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கே வீடு கட்டாதீர்கள்" என்றால் விரலைப் பார்ப்பார்கள். அதே விரலோடு சுங்கை லாலாங்கில் அப்பா வீட்டுக்குப் போனால், "பாப்பா, அந்தத் தட்ட எடுத்து மாப்ளக்கு வையி" என்பார்கள்.

என் கணவர் அலோர் ஸ்டாரில் உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாண வழி. அவர்கள் வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள். இந்த 'ஓம்' ஒன்றை வைத்துக்கொண்டே என் தோட்டத்து ஜனங்களை விலைக்கு வாங்கிவிட்டார் மனிதர். பெண் பார்க்க வந்த அன்று அப்பா, "கோப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஓம் மாமா" என்றார். அவ்வளவுதான். சமையல்கட்டில் என் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி பேரு சொல்லுற மாதிரி பேசுறாரு லா!" என்றாள். அன்றிலிருந்து கோழிக்கால் அவருக்கு, காற்றாடிக்குக் கீழே உள்ள நாற்காலி அவருக்கு. இரண்டு காலையும் அவர் தட்டில் வைக்கிறார்கள். கோழிக்கு இருப்பதே இரண்டு கால்தானே! சின்ன வயதிலிருந்து கால் எனக்குத்தான் என்று சண்டை போட்டு வாங்கித் தின்றவள் நான்.

ஒரு மழைக்காலம். அப்பா வீட்டுக்குப் பின்னால் போகிற கால்வாய் நிரம்பி வருவதைப் பார்த்து, "அப்பா, ஐஸ்பெட்டிய கல்லு மேல தூக்கி வைங்க, சமையல்கட்டுக்குத் தண்ணி வரும்" என்றேன். அதுதான் என் தொழில், அதற்குத்தான் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அப்பா, "அதெல்லாம் வராது" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த இவர், ஏதோ பேசவேண்டுமே என்று, "மாமா, தண்ணி வருமாம், ஐஸ்பெட்டியை உயர்த்தினால் நல்லம்" என்றார். அப்பா எழுந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த நிமிடமே தூக்கி வைத்தார். தண்ணீர் வந்தது. ஐஸ்பெட்டி தப்பித்தது. "மாப்ள சொன்னாரு, அதனால பொழச்சது" என்று அப்பா பீடோங் சந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். பால்மரம் இருந்தபோது பால் லாரி, எண்ணெய்க்குச் செம்பனை வந்த பிறகு அதன் குலை லாரி. இப்போது அம்மா இல்லை. தோட்டத்து விளிம்பில் நிற்கிற மாரியம்மன் கோயிலுக்குத் தலைவராக இருக்கிறார். தொழிலாளர் இருந்த லயங்களை எல்லாம் இடித்தாகிவிட்டது. ஜனங்கள் டவுனுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் போய்விட்டார்கள், திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் திரும்பி வருவார்கள். பிரச்சினை அங்கேதான். கோயில், குழாய்த் தண்ணீர் போகிற பாதையின் கடைசியில் இருக்கிறது. மற்ற நாளிலேயே நூலாகத்தான் ஒழுகும். திருவிழா அன்று சுத்தமாக நின்றுவிடும். போன திருவிழாவில் அபிஷேகத்தின் பாதியில் தண்ணீர் இல்லை. அன்னதானம் சாப்பிட்டவர்கள் கை கழுவ வழியில்லாமல் கையை உதறிக்கொண்டு காருக்குப் போனார்கள். அப்பா அந்த அவமானத்தில் இரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த திருவிழாவுக்குள் கோயிலில் ஆழ்துளைக் கிணறு போடுவது என்று கமிட்டியில் முடிவாயிற்று. ஒரு துளை போடுவதற்குத்தான் அவர்களிடம் வசதி இருந்தது. அது பொய்த்தால் மறுபடி யாரிடமும் போய் நிற்க முடியாது, நன்கொடை கேட்டுக் கேட்டு எல்லோர் வாசலும் தேய்ந்துவிட்டது. அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, மாப்ள இருக்காரா?"

"என்னப்பா விஷயம்?"

"கோயில்ல போரிங் போடப் போறோம். எங்க போட்டா தண்ணி வரும்னு மாப்ளய ஒரு வார்த்த கேக்கணும்."

நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். என் மேசைமேல் அப்போது விரிந்து கிடந்தது ஒரு நிலத்தடி நீர் வரைபடம். பக்கத்து மேசையில் என் கணவர் ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுத் தொட்டிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது என் வேலப்பா."

"ஆமா ஆமா. நீயும் கூட இருந்து கேட்டுக்க. மாப்ளகிட்ட குடு."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது? இந்தப் பக்கம் நான் கேட்டதெல்லாம் இவருடைய குரல் மட்டும்தான். "ஓம் மாமா." கொஞ்ச நேரம் கழித்து, "ஓம், ஈசானி மூலை நல்லதுதான்." பிறகு, "ஓம் ஓம், அங்கேயே போடலாம்." தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எந்த மூலைய நல்லதுன்னு சொன்னீங்க?"

"வடகிழக்கு. வாஸ்துப்படி கிணறு அங்கதான் வரவேணுமாம். அவையள் ஏற்கனவே முடிவெடுத்துட்டினம். நான் என்ன செய்யிறது? மாமனார் கேட்கேக்க மருமகன் இல்லையெண்டு சொல்ல ஏலுமே?"

"உங்களுக்கு நிலத்தடித் தண்ணி பத்தி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது" என்று உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, எரியுதோ?"

"ஆமா. எரியுது. நல்லா எரியுது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பன்றிப் பண்ணைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கருவிகளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நிலத்தில் இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, வயர் இழுத்து, கொஞ்சமாக மின்சாரம் செலுத்தி, மண்ணுக்குள் எங்கே ஈரம், எங்கே பாறை என்று பார்க்கிற வேலை. வெயிலில் குனிந்து நிமிர்ந்து முதுகு போய்விடும். என் கணவர் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நான் காட்டிய இடத்தில் முளை அடித்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. கோயிலுக்கு வந்த ஜனங்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"ஐயோ, மாப்ள கஷ்டப்படுறாரே! யாராச்சும் ஒரு குடைய புடிங்க லா!"

குடை வந்தது. அவருக்கு. பெரியம்மா சிராப் தண்ணீர் கலந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்லதும்மா, மாப்ளக்கு ஒத்தாசையா கூடவே வந்துட்ட" என்றாள். கையில் இருந்த முளையை அவள் காலடியில் நச்சென்று குத்தினேன்.

முடிவு வந்தது. ஈசானி மூலையில் ஆழம்வரை களிமண், அதற்கடியில் வெடிப்பே இல்லாத முழுப் பாறை. வருஷம் முழுவதும் தோண்டினாலும் சேறு வரும், தண்ணீர் வராது. தண்ணீர் இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பாறையில் வெடிப்பு ஓடுகிற மாதிரி தெரிந்த இடம். அது கோயிலுக்குப் பின்னால், நேர் எதிர் மூலையில், தென்மேற்கில். கன்னி மூலையில்!

கன்னி மூலையில் ஒரு வாழைக் குழி வெட்டுவதற்கே எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். அந்த மூலை மேடாக இருக்கவேண்டும், பாரமாக இருக்கவேண்டும், அங்கே பள்ளம் தோண்டினால் குடும்பம் விளங்காது என்பார்கள். அங்கே போய்க் கிணறு தோண்டு என்று யார் சொல்வது? நான் சொன்னேன். கமிட்டிக் கூட்டத்தில், கோயில் பந்தலில், எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

செயலாளர் அண்ணன் குருண் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி சொல்லுது. சரி. ஆனா இது சாமி காரியம் லா. கன்னி மூலைன்னா சும்மாவா? பூக்கட்டிப் போட்டு அம்மன்கிட்ட உத்தரவு கேட்டுத்தான் செய்யணும்."

அப்பா என் கையிலிருந்த படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இத மாப்ள பாத்துட்டாரா?"

அப்பாவுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த பார்வையில் அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஓம் மாமா. பார்த்தனான். அந்தப் பின்பக்கம்தான் சரி. அங்கதான் தோண்டவேணும்."

"ஈசானி மூலைன்னு சொன்னீங்களே மாப்ள?" என்றார் செயலாளர்.

"ஓம். அது முதல் சொன்னது. இது பிறகு சொல்லுறது."

செயலாளர் அண்ணன் அப்படியே தலையை ஆட்டினார். "மாப்ள ஆராய்ஞ்சு சொல்லிட்டாரு. அப்ப சரி. செவ்வாய்க்கிழம மெஷினுக்குச் சொல்லிடுவோம்."

பூக்கட்டிப் போடவில்லை. உத்தரவு கேட்கவில்லை. நான் சொன்னால் அம்மன் வந்து சாட்சி சொல்லவேண்டும், அவர் சொன்னால் அம்மனே தேவையில்லை. கருவறைப் பக்கம் திரும்பி, "உனக்கே அடுக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

துளை போடுகிற அன்று காலையில் பூசை போட்டார்கள். வாழையிலை, தேங்காய், எலுமிச்சம்பழம், ஒரு பெரிய சாமந்தி மாலை. மாலை அம்மனுக்கு என்று நினைத்தேன். தண்ணீர் வந்ததும் மாப்பிள்ளைக்குப் போடுவதற்காம். இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வயதான சீனர். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லோரும் தவுக்கே என்று கூப்பிட்டோம். அவர் கன்னி மூலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடையாளத்துக்கு நான் அடித்து வைத்திருந்த முளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் சிவப்பு மண் வந்தது. பிறகு களி. பிறகு பாறை தட்டியது. அதன் பிறகு பொடிதான். காற்றடித்துக் குழாய் வழியாக வெள்ளைச் சாம்பல் நிறத்தில் காய்ந்த பொடி புகை புகையாக வெளியே வந்து எல்லோர் தலையிலும் விழுந்தது, விபூதி கொட்டின மாதிரி. இரும்புக் குழாயை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் படத்தில் வெடிப்பு இருக்கும் என்று குறித்திருந்த ஆழம் வந்தது. பொடி. அதையும் தாண்டிப் போனது. பொடி. என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது, அந்தத் துளையில் மட்டும் ஈரம் இல்லை.

மத்தியானம் ஆனதும் ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே யாரும் பேசவில்லை. முகத்துக்கு நேரே, "வெயிலா இருக்கு மாப்ள, நெழலுக்கு வாங்க" என்றார்கள். நாற்காலி போட்டார்கள். விசிறினார்கள். அந்தப் பக்கம் போய், "டவுன்ல பொறந்தவருக்கு நம்ம மண்ணு எப்படித் தெரியும் லா?" என்றார்கள். செயலாளர் அண்ணன் தூணுக்குப் பின்னால், "நான் அப்பவே ஈசானி மூலைன்னு சொன்னேன். கன்னி மூலைல கை வச்சா இப்படித்தான். மாப்ளயாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்று சொன்னது எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருக்குமா?

கேட்டது. நாற்காலியில் இருந்தபடியே என் கணவர் சொன்னார்: "ஓம் அண்ணே. என்ர கணக்குத்தான் எங்கயோ பிழைச்சிட்டுது போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இவருடைய கணக்கா? இவர் எங்கே கணக்குப் போட்டார்? முளை அடித்தவர் இவர், கணக்குப் போட்டவள் நான். பாராட்டு வந்தபோதும் அவருக்கே போனது, சரி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது திட்டு வருகிறது, அதையும் கூசாமல் மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார். பிழை என்றால் அது என் பிழை. அந்தத் திட்டு என் திட்டு. அதைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டாரா இந்த மனுஷன்? அவர் வாங்கிய கோழிக்கால் எல்லாவற்றையும்விட அந்தத் திட்டைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பொறாமையாக இருந்தது.

பந்தல் நடுவில் போய் நின்றேன். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "இடத்தக் காட்டினது நான்! அவரு இல்ல! அவருக்கு இதப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது! கணக்கு என்னோடது! பேசுறதுன்னா என்னயப் பேசுங்க!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். செயலாளர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆகா, இப்போதாவது விளங்கியதே என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போது பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பாத்தீங்களாடி? புருஷனுக்கு ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு, எல்லாத்தையும் தன் தலைல போட்டுக்குது பாருங்க புள்ள. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்!"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி வந்து என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். "இல்லக்கா, நெசமாத்தான்…" என்றேன். "தெரியும்மா, தெரியும்" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எங்கே போய் முட்டிக்கொள்வது? என் கணவர் நாற்காலியில் சிராப் கோப்பையைப் பிடித்தபடி, சிரிக்கவும் முடியாமல், எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது இயந்திரம் நின்றது. தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். "தெருஸ் கா, ஸ்டோப் கா?" போகவா, நிறுத்தவா? ஒத்துக்கொண்ட ஆழம் முடிந்துவிட்டது. மேலே போவதென்றால் இனி ஒவ்வொரு குழாய்க்கும் கூலி தனி. நிறுத்தினால் இவ்வளவு நேரம் போட்ட துளை வெறும் ஓட்டை. திருவிழாவுக்குத் தண்ணீர் இல்லை. ஜனங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் புருவத்தில்கூட வெள்ளைப் பொடி. கன்னம் ஒட்டிப்போய், இரண்டு வாரம் வீட்டுக்குள் கிடந்தாரே, அந்த முகம் திரும்ப வந்துவிட்டது.

அப்பா மாப்பிள்ளை இருந்த பக்கம் நடந்தார். மாமனார் வருவதைப் பார்த்து என் கணவர் மரியாதையாக எழுந்து நின்றார். அப்பா அவரைத் தாண்டினார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, பொடிக் குவியலில் கால் வைத்து, நேராக என்னிடம் வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"பாப்பா. நிறுத்தவா, போகவா?"

எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அறிக்கை என்றால் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். படம் ஒன்றைச் சொல்லும், பாறை இன்னொன்றைச் சொல்லும், அது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் பொடியில் நிற்கிற அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆமாம், எனக்கே தோன்றியது.

துளையருகே போய்க் குனிந்து கடைசியாக வந்த பொடியை அள்ளினேன். காய்ந்த பொடிதான். ஆனால் காலையிலிருந்து வந்த சாம்பல் நிறம் இல்லை, கொஞ்சம் துரு ஏறின நிறம். தண்ணீர் போய்வந்த வெடிப்பில் பாறைக்கு அந்த நிறம் வரும். பழைய வெடிப்பாகவும் இருக்கலாம், வறண்டு போனதாகவும் இருக்கலாம். இருந்தாலும் அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அப்பா பக்கத்தில் நின்று என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகட்டும்ப்பா" என்றேன்.

அப்பா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டாரா என்று கேட்கவில்லை. திரும்பி, லாரி ஓட்டிய காலத்துக் குரலில் கத்தினார். "தவுக்கே! தெருஸ்!"

அதற்கப்புறம் இறங்கிய குழாய்களுக்கு ஒவ்வொன்றுக்கும் என் உயிர் ஒரு தடவை போய் வந்தது. பொடி பழுப்பானது. பிறகு நின்றது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். துளைக்குள்ளே ஏதோ செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்து குழம்பு மாதிரி ஒரு கட்டிச் சேறு எகிறி வந்து செயலாளர் அண்ணனின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே தண்ணீர். பந்தல் உயரத்துக்கு அடித்தது. ஜனங்கள் கத்தினார்கள், குலவை போட்டார்கள், செருப்போடு தண்ணீரில் போய் நின்றார்கள். அப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் கீழே நின்றார். அவர் புருவத்துப் பொடி கரைந்து கன்னத்தில் ஓடியது.

செயலாளர் அண்ணன் சேற்று வேட்டியோடு ஓடிப்போய் மாலையை எடுத்து வந்து என் கணவர் கழுத்தில் போட்டார். "நான் அப்பவே சொன்னேன், மாப்ள கணக்கு தப்பாது!" பெரியம்மா என் நெற்றியில் கை நிறையக் குங்குமத்தை அப்பினாள். "எல்லாம் உன் தாலி பாக்கியம்மா!" எனக்கு மறுபடியும் எரிந்தது. ஏன் எரியாது? மாலை ஒன்றுதான் இருந்தது. நனைந்துகொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். அவர் கார் ஓட்டினார், மாலை பின் இருக்கையில் கிடந்தது. இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை ஈரம். வழக்கமாக மாமனார் வீட்டிலிருந்து திரும்பும்போது வயிறு நிறைந்த சந்தோஷத்தில் எதையாவது பாடிக்கொண்டே வருவார். அன்று வாயைத் திறக்கவில்லை. சுங்கை லாலாங் கடைத்தெருவைத் தாண்டி, விளக்குச் சந்திப்பில் நின்றோம்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை."

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு தானாகவே சொன்னார்.

"மாமா என்னைத் தாண்டிப் போனவர்."

"எங்க?"

"தவுக்கே கேட்கேக்க. நான் எழும்பி நிண்டனான். என்னைப் பார்க்கவும் இல்லை." குரல் ஒரு மாதிரி இருந்தது. "இவ்வளவு வருஷமா எல்லாத்தையும் என்னைத்தான் கேக்கிறவர். ஐஸ்பெட்டியை எங்க வைக்கிறது, போரிங் எங்க போடுறது, எல்லாம். நான் என்ன சொன்னாலும் சரியெண்டுவார். நானும் பெருமையா இருந்தனான். இண்டைக்கு உண்மையில ஒரு விடை வேண்டி வந்தபோது, என்ர கதிரையைச் சுத்திக்கொண்டு உம்மிட்டப் போனவர்."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியை அவர் கையில் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே கேட்ட குரல் அது. ஐயோ பாவம், அப்படியெல்லாம் இல்லை, அப்பா பதற்றத்தில் செய்திருப்பார் என்று நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். நல்ல மனைவி சொல்லியிருப்பாள். மத்தியானம்தானே எனக்கு அந்தப் பட்டம் கொடுத்தார்கள். நான் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஈரக் காலை நீட்டிக்கொண்டேன்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்தபடியே, "ஓம்" என்றார்.